ரெண்டாம் வருஷம் காலேஜ் மாற முடியுமா? டிசியில கை வைக்கதுக்கு முன்னால

சேரன்மகாதேவித் தம்பியோட கேள்வி, மே 11, 2025

அண்ணாச்சி, பாளையங்கோட்டையில பி.எஸ்சி. இயற்பியல் முதல் வருஷம் முடிச்சிருக்கேன். அரியர் இல்ல, 81 சதவீதம். சென்னையில இருக்கிற அந்தப் பெரிய காலேஜ்ல படிக்கணும்னு எட்டாங்கிளாஸ்லருந்தே ஆசை. போன வருஷம் பிளஸ் டூ மார்க்குக்குக் கிடைக்கல. "டிசிய வாங்கிட்டு நேர்ல போய் நில்லு, மனசு இரங்கி ரெண்டாம் வருஷத்துல சேத்துக்கிடுவாங்க"ன்னு பக்கத்து வீட்டு மாமா சொல்லுதாரு. போகலாமா?

மே 11, ராத்திரி

போகலாம். டிசி இல்லாமப் போ. மாமாவுக்கு உன் மேல பிரியமாத்தான் இருக்கும், ஆனா அவரு சொன்ன வரிசை தலைகீழ். டிசி கைக்கு வந்துட்டா நீ எந்தக் காலேஜ்லயும் மாணவன் கிடையாது. அங்க "சேத்துக்கிடுதோம்"னு கையெழுத்து போட்ட காகிதம் வாங்கின பொறவுதான் இங்க டிசிக்கு எழுதிக் கொடுக்கணும். இது எனக்கு எப்படித் தெரியும்னு நாளைக்கோ மறுநாளோ எழுதுதேன். இப்ப கரண்ட் போயிருச்சு.

மே 12, காலை

முதல்ல மார்க்கை மற. நீ மொதல்ல கேக்க வேண்டியது, அங்க உன் பாடத்துல ரெண்டாம் வருஷத்துல காலி இருக்கான்னுதான். 95 சதவீதம் வச்சிருந்தாலும், அனுமதிச்ச எண்ணிக்கை நெறஞ்சிருந்தா பிரின்சிபாலே நெனச்சாலும் உன்னைச் சேக்க முடியாது. காலி இருந்தா உன் 81க்கு மதிப்பு உண்டு.

காலி எப்படி வருதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சிது. ஜூன்ல இயற்பியல்ல சேர்ற பயக்கள்ல ஒரு கூட்டம் இன்ஜினியரிங் கவுன்சலிங் வர வரைக்கும் ஒதுங்கி நிக்கதுக்குத்தான் சேருதான். கவுன்சலிங் முடிஞ்சதும் கம்பிய நீட்டிருவான். இன்ஜினியரிங்ல இருக்கவன் மெடிக்கல் கிடைச்சா அங்க ஓடுவான். இன்னொருத்தன் நீட் மறுபடி எழுதப் போறேன்னு நடுவுல நின்னுருவான். வாய்க்கால்ல மேல மடை தெறந்தா கீழ தண்ணி கொறையற மாதிரி, முதல் வருஷக் கடைசியில எல்லா காலேஜ்லயும் நாலஞ்சு பெஞ்சு காலியாத்தான் கெடக்கும். அந்தக் கணக்கு துறைத் தலைவர்கிட்ட இருக்கும். ஆபீஸ்ல கேட்டா "அப்படியெல்லாம் எடுக்கதில்ல தம்பி"ன்னு ஒரே வரியில அனுப்பிருவாங்க. துறைத் தலைவருக்கு லெட்டர் எழுது, மே மாசத்துலயே எழுது. காலேஜ் தொறந்து ரெண்டு வாரம் ஆச்சுன்னா வருகைப்பதிவேட்டைக் காட்டித் திருப்பி அனுப்புவாங்க.

மே 12, மதியம்

மேல "எல்லா காலேஜ்லயும்"னு எழுதிட்டேன், தப்பு. பி.காம்.ல காலின்னு நான் கேள்விப்பட்டதே கிடையாது. இயற்பியல், வேதியியல், கணிதம்னு திருத்தி வாசிச்சுக்கோங்க.

மே 14

சரி, என் கதை.

நான் அம்பாசமுத்திரத்துக்காரன். 1998ல பாளையங்கோட்டையில ஒரு காலேஜ்ல இயற்பியல் சேர்ந்தேன். தினமும் காலையில செங்கோட்டை பாசஞ்சர், அப்ப மீட்டர் கேஜ். ஜங்ஷன்ல இறங்கி டவுன் பஸ், சாயங்காலம் அதே மாதிரி திரும்பணும். முதல் வருஷ லீவுல சென்னையில இருந்து வந்த ஒரு சொந்தக்காரப் பையன் அவன் காலேஜ் லேபைப் பத்திப் பேசுனான் பாருங்க, அன்னையிலருந்து எனக்குச் சோறு இறங்கல. மாறணும்.

அங்க ஆபீஸ்ல ஒருத்தரு, "டிசி, மார்க் ஷீட் எல்லாம் ஒரிஜினலா கொண்டு வா, பாப்போம்"னாரு. அந்தப் "பாப்போம்" காதுல விழவே இல்ல. இங்க மாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதுனேன். காரணம்னு ஒரு எடம் விட்டிருந்தாங்க, அதுல ரெண்டு பக்கம் எழுதி வச்சேன்: ஸ்பெக்ட்ரோமீட்டர் மொத்தம் மூணு, அதுல ஒண்ணுக்குத் திருகாணி இல்ல, நாப்பது பேர் வரிசையில நிக்கோம், லைப்ரரி புத்தகம் என் அப்பா வயசு. எல்லாம் உண்மைதான். டிசிய வாங்கிக்கிட்டு திருவள்ளுவர் பஸ் ஏறிட்டேன். பேரு அப்பவே மாறிப்போச்சு, ஆனா எங்களுக்கு அது திருவள்ளுவர் பஸ்தான்.

சென்னையில மூணு நாள். முதல் நாள் "பாப்போம்" சொன்னவரு லீவு. ரெண்டாவது நாள் ரெண்டு சிலபஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. இங்க முதல் வருஷம் அலைடு கணிதம், அதாவது துணைப்பாடம், ரெண்டாம் வருஷம் அலைடு வேதியியல். அங்க அப்படியே மாத்தி. அதாவது நான் போனா படிச்ச கணிதத்தையே இன்னொரு தடவை படிக்கணும், விட்டுப்போன வேதியியலைத் தனியா எழுதணும், பிராக்டிகலோட. அதுக்கு மேல நம்ம மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துலருந்து சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போறதுனால மைக்ரேஷன், சமநிலைச் சான்று எல்லாம் வேணும். மூணாவது நாள் சொன்னாங்க, இயற்பியல்ல காலியே இல்லைன்னு. மொத நாளே கேக்க வேண்டிய கேள்விக்கு மூணாம் நாள் பதில் கிடைச்சுது.

திரும்பி வந்து பிரின்சிபால் ரூம் வாசல்ல நின்னேன். என் எடம் இன்னும் நெரம்பல, அது என் அதிர்ஷ்டம். அவரு பைலத் தெறந்து என் ரெண்டு பக்கத்தையும் எடுத்தாரு. "இத கொஞ்சம் சத்தமா வாசிங்க தம்பி"ன்னாரு. வாசிச்சேன். திருகாணி வரைக்கும் வாசிச்சேன். முழுசும் கேட்டுட்டு, "நடை நல்லாருக்கு"ன்னு சொல்லி மறுசேர்க்கையில கையெழுத்து போட்டாரு.

லேப் அட்டெண்டர் அண்ணாச்சி அன்னைக்கு ஏதோ பைலோட உள்ள நின்னாரு. அடுத்த ரெண்டு வருஷம் என் பேரு "மெட்ராஸ்". "ஏ மெட்ராஸ், அந்தப் பியூரட்ட எடு."

மே 15

மார்க் ஷீட்ட எடுத்துப் பாத்தேன். சேர்ந்தது 1998 இல்ல, 1999. மறுசேர்க்கை 2000. பியூரட்டும் இயற்பியல் லேப்ல கிடையாது, அலைடு வேதியியல் லேப்ல. வேற ஒருத்தர் கண்டுபிடிக்கதுக்கு முன்ன நானே சொல்லிருதேன்.

மே 18

பேட்டையிலருந்து ஒருத்தரு கேட்டிருக்காரு, "இதெல்லாம் ஆர்ட்ஸ் காலேஜ் சங்கதி. இன்ஜினியரிங்குக்கு என்ன வழி?"

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளுக்குள்ள மாறணும்னா காலியிடம் இருக்கணும், ரெண்டு பக்கமும் ஆட்சேபம் இல்லைன்னு எழுதிக் கொடுக்கணும், கிண்டியில தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தோட அனுமதியும் வாங்கணும். ஒரே பல்கலைக்கழகச் சிலபஸ்ங்கிறதால எனக்கு வந்த அலைடு குடைச்சல் இருக்காது. ஆனா தன்னாட்சிக் கல்லூரிக்குப் போனாலோ அங்கருந்து வந்தாலோ, பாடத்தை ஒவ்வொண்ணா ஒப்பிட்டுத்தான் பாப்பாங்க.

இதைவிட நேரான பாதை ஒண்ணு இருக்கு, அதை யாரும் மாற்றம்னு நெனைக்கதில்ல. பாலிடெக்னிக் டிப்ளமோ முடிச்சவன் பி.இ. ரெண்டாம் வருஷத்துல நேரா சேரலாம், லேட்டரல் என்ட்ரி. கணிதம் படிச்ச பி.எஸ்சி.காரனுக்கும் அந்தக் கதவு உண்டு. எங்க தெருவுல ஒருத்தன் பத்தாங்கிளாஸ்ல சுமாரான மார்க், டிப்ளமோவுல மட்டும் பேய் மாதிரிப் படிச்சான், காரைக்குடியில கவுன்சலிங் போயி, நம்மூர் அரசு பொறியியல் கல்லூரியில ரெண்டாம் வருஷத்துல உக்காந்தான். பிளஸ் டூ மார்க்கை யாரும் கேக்கவே இல்ல. கனவு சென்னைன்னு இல்லாம திருநெல்வேலின்னே இருக்கலாம் பாருங்க.

ஐஐடி பி.டெக்.கை நடுவுல ஏறிப் பிடிக்க முடியாது. ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதணும், அதுவும் அடுத்தடுத்த ரெண்டு வருஷத்துல ரெண்டே தடவை.

மே 19

"பாளையங்கோட்டைக்கே தென்னாட்டு ஆக்ஸ்போர்டுன்னு பேரு. இங்கருந்து ஏன்வே போகணும்?"ன்னு ஒருத்தரு சீறியிருக்காரு. பேருக்குப் பொருத்தமாத்தான் இருக்கு அண்ணாச்சி. நெசமான ஆக்ஸ்போர்டும் வேற பல்கலைக்கழகத்துலருந்து நடுவுல யாரையும் சேக்காது.

இன்னொண்ணு. நாம மாற முடியாமத் தவிக்கோம், நம்ம காலேஜுங்க உக்காந்த எடத்துலருந்தே மாறிருக்கு. 1923ல தொடங்குன சவேரியார் கல்லூரியையே எடுத்துக்கோங்க. முதல்ல சென்னைப் பல்கலைக்கழகம், 1966ல மதுரைப் பல்கலைக்கழகம் வந்த பொறவு அது, 1990ல மனோன்மணியம் சுந்தரனார். கட்டடம் அங்கனதான் இருக்கு. டிசியும் கேக்கல, மைக்ரேஷனும் கேக்கல.

மே 25

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கொஞ்சம் நீட்டி எழுதலாம். என் தங்கச்சி மக கதை.

அவ இங்க ஒரு வருஷம் பி.எஸ்சி. படிச்சா. மச்சானுக்குக் கலிபோர்னியாவுல வேலை, குடும்பத்தோட போயிட்டாங்க. அவ கனவு பெர்க்லி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தோட ஒரு வளாகம். அங்க போனதும் நேரா விண்ணப்பம் போடுவான்னு நெனச்சேன். அவ சேந்தது வீட்டுக்குப் பக்கத்துல ரெண்டு வருஷப் படிப்பு சொல்லிக் கொடுக்கிற ஒரு சமுதாயக் கல்லூரியில. எனக்குக் கொஞ்சம் சப்புன்னு ஆயிட்டுது, தங்கச்சிகிட்ட போன்ல கேட்டும் பாத்தேன், "என்னளா, புள்ளைய இப்படிப் போட்டுட்டீங்க?"

வெவரம் பொறவுதான் தெரிஞ்சுது. அந்த மாநிலத்துல கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் மூணாம் வருஷத்துக்கு வெளிய இருந்து ஆள் எடுக்கும்போது, அந்த மாநிலச் சமுதாயக் கல்லூரிப் பிள்ளைங்களுக்குத்தான் முதல் வரிசை. 60 செமஸ்டர் யூனிட், அதாவது ரெண்டு வருஷப் பாடம் முடிச்சிருக்கணும். அசிஸ்ட்னு ஒரு இணையதளம் இருக்கு. அதுல உன் காலேஜ், போக வேண்டிய வளாகம், பாடம் மூணையும் போட்டா, இங்க எடுக்குற எந்தப் பாடம் அங்க எந்தப் பாடத்துக்குச் சமம்னு ஒவ்வொண்ணா காட்டிரும். அதைப் பாத்தப்போ என் அலைடு வேதியியல் ஞாபகம் வந்து வயிறு எரிஞ்சுது. நம்மூர்ல ஒரு பயலுக்கு இப்படிக் கையில ஒரு பட்டியல் கிடைச்சா மூணு நாள் சென்னையில அலைவானா?

உத்தரவாதத் திட்டம்னு வேற ஒண்ணு வச்சிருக்காங்க, டேக்னு சொல்லுதாங்க. சொன்ன பாடத்தைச் சொன்ன மார்க்குல முடிச்சா எடம் உறுதி. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ்னு ஆறு வளாகத்துக்குத்தான் அது. அதுலயும் ஒண்ணுக்குத்தான் போட முடியும், செப்டம்பர் மாசத்துல. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ மூணுலயும் இந்த உத்தரவாதம் கிடையாது. அவ டேவிஸுக்கு டேக் போட்டா, பெர்க்லிக்குச் சும்மா விண்ணப்பம் போட்டா. ஒரு கால் தரையில, ஒரு கால் மரக்கெளையில.

சிபாரிசுக் கடிதம் கேக்கதில்லை. தெரிஞ்சவங்க மூலமா பெரிய மனுஷன் ஒருத்தர்கிட்ட லெட்டர் வாங்கித் தாரேன்னு நான் வீறாப்பா சொல்லிருந்தேன், அது அப்படியே போச்சு. அதுக்குப் பதிலா நாலு கேள்விக்குப் பதில் எழுதணும், ஒவ்வொண்ணும் 350 சொல்லுக்குள்ள. ஒரு கேள்வி கட்டாயம்: எடுக்கப்போற பாடத்துக்கு உன்னை எப்படித் தயார் பண்ணியிருக்கே? மிச்சம் மூணை ஏழுலருந்து பொறுக்கிக்கலாம்.

2023 டிசம்பர்ல நம்ம ஊர் வெள்ளத்துல முங்கிச்சுல்ல, அதை எழுதச் சொன்னது நான்தான். தாமிரபரணி, ஜங்ஷன்ல தண்ணி, ஆச்சி வீட்டு மாடியில ரெண்டு நாள். வாசிச்சா கண்ணுல தண்ணி வரும். அவ கல்லூரி ஆலோசகரு அதை வாசிச்சுட்டு, "நல்லாருக்கு, ஆனா இதுல நீ எங்க இருக்கே? நீ அப்ப கலிபோர்னியாவுலதானே இருந்தே?"ன்னு கேட்டுட்டு நேரா ஒரு கோடு இழுத்துட்டாராம். பொறவு அவ எழுதுனது இங்க படிச்ச அந்த ஒரு வருஷத்தைப் பத்தி. லேப்ல ஒரே கருவிக்கு நாலு பேர், அதனால ஒருத்தி கை வைக்கும்போது மத்த மூணு பேரும் பிழையைக் கணக்கு போட்டுப் பழகுனது, அங்க போயி டேட்டா பாடம் எடுத்தப்போ அது எப்படி ஒதவிச்சுன்னு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நான் 2000ல ரெண்டு பக்கம் எழுதுனதும் இதே லேப் சங்கதிதான். நான் இல்லாததை அடுக்குனேன். அவ இருந்ததை வச்சு என்ன செஞ்சான்னு எழுதிருக்கா.

மே 25, ராத்திரி

முடிவைச் சொல்லாம விட்டுட்டேன்னு மூணு பேர் கேட்டாச்சு. பெர்க்லி இல்லைன்னுட்டுது. டேவிஸ்ல சேரப் போறா. ஒரு வாரம் அழுதா, இப்ப சைக்கிள் வாங்கியிருக்கா.

மே 27

"இங்கருந்தே நேரா அமெரிக்காவுக்கு மாற்றத்துக்கு எழுதிப் போட்டா?"

போடலாம், நிறைய பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவனையும் நடுவுல எடுக்கும். ஆனா பேர் பெருசா இருந்தா கதவு சின்னதா இருக்கும். பிரின்ஸ்டன் 1990லருந்து மாற்றமே வேண்டாம்னு நிறுத்தி வச்சிருந்துட்டு 2018லதான் மறுபடி தொறந்துச்சு. நீங்க இங்க படிச்ச பாடமெல்லாம் அங்க ஏறும்னும் கணக்கு போடாதீங்க. மொத்தத்துல பாதியையாவது எங்ககிட்ட படிச்சாத்தான் எங்க பட்டம்னு சொல்லுற எடம் பல. அதனால இங்க ரெண்டு வருஷம் முடிச்சிட்டு அங்க மூணு வருஷம் படிக்க வேண்டி வரலாம். அந்தக் கூடுதல் வருஷத்துக்கு டாலர்ல பீஸ். விசாவுக்குப் பேங்க் கணக்கு காட்டணும். வயக்காட்டை வித்து இதுல எறங்குறதுக்கு முன்ன என்கிட்ட ஒரு தடவை பேசுங்க, திட்டுறதுக்காவது.

ஜூன் 2

சேரன்மகாதேவித் தம்பி லெட்டர் போட்டுட்டானாம். பதிலுக்குக் காத்திருக்கான். அந்த நேரத்துல நான் சும்மா இருக்காம இன்னொண்ணு சொல்லுதேன்.

நடுவுல ஏறுறது கஷ்டமான பஸ்ல, அடுத்த ஸ்டாப்ல ஏறுறது சுலபம். மூணு வருஷம் இங்கயே முடி. ஜாம் எழுது, எம்.எஸ்சி.க்கு ஐஐடிங்க நடத்துற நுழைவுத் தேர்வு. இயற்பியல், கணிதம், வேதியியல் உள்பட ஏழு தாள், எழுதுறது ஒண்ணுக்கு, மூணு மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க், பிப்ரவரி மாசத்துல நடக்கும். அதுல எடுக்குற மார்க்குல ஐஐடிங்கள்ல எம்.எஸ்சி., பெங்களூர் ஐஐஎஸ்சியில ஆராய்ச்சிப் படிப்பு. நீ எந்தக் காலேஜ்லருந்து வாரன்னு கேள்வித்தாளுக்குத் தெரியாது. தப்புக்கு மார்க் கொறைப்பாங்க, பாத்து எழுதணும்.

அவசரம் தாங்கலைன்னா சென்னை ஐஐடியோட டேட்டா சயின்ஸ் பி.எஸ். இருக்கு, 2020ல தொடங்கினது. பிளஸ் டூ போதும், ஜேஇஇ வேண்டாம். நாலு வாரப் பாடம் படிச்சு ஒரு தகுதித் தேர்வு தாண்டுனா உள்ள. பாடம் இணையத்துல, பரீட்சை நேர்ல. 2022ல யுஜிசி ஒரே நேரத்துல ரெண்டு பட்டம் படிக்கலாம்னு சொல்லிட்டதால, உன் பி.எஸ்சி.யை விடாமலே படிக்கலாம். எங்க பயக்கள்ல சிலரு படிக்காங்க, கணக்குல கண்ணீர் விட்டுட்டுத்தான் படிக்காங்க.

அப்புறம் கோடை விடுமுறை. நாட்டோட மூணு அறிவியல் கழகங்களும் சேர்ந்து பிள்ளைங்களுக்கு ரெண்டு மாச ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்கு. அது கிடைச்சா நீ கனவு காணுற மாதிரி ஒரு லேப்ல ரெண்டு மாசம் உக்காந்து பாக்கலாம். பிடிக்கலைன்னா டிசி பிரச்சினையே இல்லாம வந்துரலாம்.

ஜூன் 3

ஜாம்ல எல்லாக் கேள்விக்கும் மார்க் கொறையாது. ஒரு விடை தேர்ந்தெடுக்கிற கேள்விக்கு மட்டும்தான் கொறைப்பாங்க. பல விடை சரியா இருக்குற கேள்விக்கும், எண்ணாவே விடை எழுதுற கேள்விக்கும் கொறைப்பு கெடையாது. போன வருஷம் எழுதுன ஒரு பிள்ளை திருத்திச்சு. வாத்தியார்னு பேரு வச்சுக்கிட்டு இப்படி எழுதுதேன், மன்னிச்சுக்கோங்க.

ஏபிசி எண் இருந்தா மாறிரலாமான்னும் ஒருத்தர் கேட்டாரு. 2021ல வந்த கிரெடிட் வங்கி அது. நீ படிச்ச கிரெடிட்டைச் சேத்து வைக்கும். எடம் கொடுக்காது. பேங்க்ல காசு இருக்குன்னு பஸ்ல சீட்டு கிடைச்சிருமா?

ஜூன் 8

நேத்து ராத்திரி தூக்கம் வராம நான் எழுதுனதையெல்லாம் மறுபடி வாசிச்சேன். என் ஸ்பெக்ட்ரோமீட்டர் காரணம் உண்மைதான்னு மேல சொல்லியிருக்கேன். உண்மைதான், ஆனா அது காரணம் இல்ல. எங்கப்பா அம்பாசமுத்திரத்துல கடை வச்சிருந்தாவ. பாசஞ்சர்ல ஏறுனா டிக்கெட் பரிசோதகர்லருந்து முறுக்கு விக்கவர் வரைக்கும் "நம்ம கடைக்காரர் மகனா?"ன்னு கேப்பாங்க. ஒரு சிகரெட் பிடிக்க முடியாது. யாருக்கும் என்னைத் தெரியாத ஒரு எடத்துல மூணு வருஷம் இருக்கணும்னு தோணுச்சு. அதை விண்ணப்பத்துல எழுத முடியுமா? திருகாணியை எழுதுனேன்.

இதை எதுக்குச் சொல்லுதேன்னா, தம்பி, நீ போட்ட லெட்டர்ல என்ன எழுதுனியோ தெரியாது. அதுல எழுதாம விட்டது என்னன்னு உனக்கு மட்டும் தெரிஞ்சா போதும். அது லேபா, நண்பனா, வீடான்னு பாத்துக்கோ. லேப்னா ஜாம் போதும். வீடுன்னா ஜாமுக்கு ரெண்டு வருஷம் காத்திருக்கது கொஞ்சம் நீளம்தான், அதை நான் ஒத்துக்கிடுதேன். "ஆசைய விடு"ன்னு நான் எங்கயும் எழுதல, எழுதவும் மாட்டேன்.

ஜூன் 22

தம்பிக்குப் பதில் வந்திருக்கு. இயற்பியல் ரெண்டாம் வருஷத்துல ரெண்டு எடம் காலியாம். முதல் வருஷ மார்க் ஷீட், ரெண்டு சிலபஸ், நன்னடத்தைச் சான்று நகலோட நேர்ல வரச் சொல்லியிருக்காங்க. எனக்கு 2000ல கிடைக்காத லெட்டர் இது, கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கு.

இப்பவும் காலிங்கறது சேர்க்கை இல்ல. "நகல்"னு எழுதியிருக்கதக் கவனி. ஒரிஜினல் ஒண்ணும் எடுத்துட்டுப் போகாத, டிசிக்கு வாயைத் தொறக்காத. நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போடு, காலையில இறங்கி மதியத்துக்குள்ள பாத்துட்டு, அன்னைக்கே திரும்பு. ஹாஸ்டல் கட்டணத்தையும் கேட்டுட்டு வா, அதை உங்க அப்பா கேப்பாரு.

அதுக்கு முன்னால ரெண்டு சிலபஸ் புத்தகத்தையும் எடுத்துட்டு வார சனிக்கிழமை வண்ணார்பேட்டைக்கு வா. அலைடு வரிசையைப் பாத்துருவோம். டீக்கடையில வந்து "மெட்ராஸ் எங்க இருக்காரு"ன்னு கேளு, காட்டுவாங்க. அந்த லேப் அட்டெண்டர் அண்ணாச்சி ரிட்டயர் ஆகி அங்கனதான் உக்காந்திருக்காவ.